பல் அவசரம்: எந்த அறிகுறிக்கு எங்கே ஓடுவது, அதுவரை என்ன செய்வது

பல் வலி முற்றுவது பெரும்பாலும் ராத்திரியில்தான். படுத்தவுடன் தலைப்பக்கம் ரத்தம் கூடுதலாகப் பாயும். பல்லின் உட்கூடு விரிந்துகொடுக்காது என்பதால் உள்ளே அழுத்தம் ஏறிவிடும். பக்கத்துப் பல் கிளினிக்கோ ஒன்பது மணிக்கே பூட்டியிருக்கும். விடியும்வரை பொறுக்கலாமா, இப்போதே கிளம்ப வேண்டுமா என்று வீடே குழம்பும்.

வலியின் அளவை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ஆளைத் துடிக்கவைக்கும் நரம்பு வலி பெரும்பாலும் காலைவரை தாங்கும்; அதனால் உயிருக்கு ஆபத்து வராது. நேற்றுவரை வலித்த பல் இன்று அமைதியாகி, தாடைக்கு அடியில் வீக்கம் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தால் அதுதான் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாதது. வீக்கம் எங்கே, வாய் எவ்வளவு திறக்கிறது, எச்சில் இறங்குகிறதா, ரத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். கீழே உள்ளவற்றை அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறோம்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் 108

- மூச்சு விடச் சிரமம், அல்லது எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிவது.
- தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் வீக்கம், அழுத்தினால் குழியாமல் கெட்டியாக இருப்பது, நாக்கு மேலே தள்ளப்பட்டுக் குரல் மாறியிருப்பது.
- கன்னத்து வீக்கம் ஏறி ஒரு கண் மூடத் தொடங்குவது.
- காய்ச்சலோடு வாய் திறக்காமல் போவது. நோயாளியின் விரல்களில் மூன்றைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிந்தால் சரி. ஒரு விரல்தான் நுழைகிறதென்றால் ஆபத்து.
- அடிபட்டுப் பல் போனதோடு மயக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு. பல்லைப் பிறகு பார்க்கலாம், தலைக்காயத்தை முதலில் பார்க்க வேண்டும்.
- கீழ்த்தாடையில் வலி, கூடவே நெஞ்சில் இறுக்கம், வியர்வை, நடந்தால் அதிகமாவது. இது பல்லே அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். பல் டாக்டரைத் தேடி அலையாமல் ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போங்கள்.

இரண்டாவது அறிகுறியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பற்களின், குறிப்பாகக் கடைசி இரண்டின், வேர் நுனிகள் வாயின் தரையாக இருக்கும் தசைக்கும் கீழே முடிகின்றன. அங்கே சீழ் பிடித்தால் ஈறில் கொப்புளமாக வெளிவராமல் கழுத்துப் பக்கம் இறங்கும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836இல் விவரித்ததால் லுட்விக் ஆஞ்சைனா என்று அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். வீக்கம் நாக்கைப் பின்னுக்குத் தள்ளி மூச்சுப்பாதையை அடைத்துவிடும், சில மணி நேரத்திலேயே நிலைமை மாறிவிடும். இந்த நிலையில் இருப்பவரைப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போகாதீர்கள். மயக்க மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனை வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அதுவே சரி. போகும் வழியில் படுக்க வைக்க வேண்டாம், உட்கார்ந்தபடி, சற்று முன்னால் சாய்ந்திருக்கட்டும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோயாளி என்றால் அந்த விவரத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். தொற்று சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை தொற்றைப் பரப்பும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு தாமதமாக வருபவர்களைக் காப்பாற்றுவது கடினம்.

பல் முழுதாக விழுந்துவிட்டது

பல் மருத்துவத்தில் நிமிடக் கணக்கில் ஓட வேண்டிய ஒரே கேஸ் இது. விழுந்த இடத்தில் நிற்பவர் கையில்தான் பாதி சிகிச்சை இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் இந்தப் பகுதியையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், அது பால் பல்லா என்று பாருங்கள். முன்பற்கள் ஆறு முதல் எட்டு வயதுக்குள் மாறும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் அநேகமாகப் பால் பல்தான், அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப் பல்லின் மொட்டை அது நசுக்கிவிடும். விழுந்த பல்லை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டினால் போதும். முழுப் பல்லும் வந்துவிட்டதா, ஈறுக்குள் புதைந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

நிலைப் பல் என்றால் இப்படிச் செய்யுங்கள். வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்துப் பல்லை எடுங்கள். மஞ்சளாக இருக்கும் வேரில் விரல் படக் கூடாது. வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய திசுதான் பல்லை எலும்போடு மறுபடி சேர்த்துவைக்கும். துணியால் துடைத்தாலோ, சோப்புப் போட்டுத் தேய்த்தாலோ, டெட்டாலில் போட்டாலோ அது செத்துவிடும். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ, இரண்டும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரிலோ பத்து விநாடிக்குள் லேசாக அலசுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பிறகு அந்தக் குழியிலேயே பல்லைப் பொருத்துங்கள். பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் பின்பக்கம் சரியா என்று உறுதி செய்துகொண்டு மெதுவாக அழுத்தினால் உள்ளே இறங்கும். மடித்த கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி, அப்படியே டாக்டரிடம் போங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பொருத்திய பல்தான் பிழைக்க அதிக வாய்ப்புள்ள பல்.

பயமாக இருக்கிறது, அல்லது பிள்ளை வாயைத் திறக்க மறுக்கிறது என்றால் பாலில் போடுங்கள். பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தியது, காய்ச்ச வேண்டியதில்லை. கத்தரித்து ஒரு டம்ளரில் ஊற்றிப் பல் மூழ்கும்படி போட்டால் போதும். குளிர்ந்த பால் இன்னும் நல்லது. சூடான பால், டீ, காபி எதுவும் கூடாது. பால் கிடைக்கவில்லையா? மெடிக்கலில் சலைன் பாட்டில் வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் அடிபட்டவர் ஒரு சின்ன டப்பாவில் எச்சிலைத் துப்பி அதில் பல்லைப் போடலாம். பெரியவர்கள் கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொள்ளலாம்; சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள். தண்ணீரில் ஊறவைப்பது தவறு, திசுவின் செல்கள் ஊதி வெடித்துவிடும். இளநீர் அமிலத்தன்மை உடையது, பால் இருக்கும்போது அது வேண்டாம். எல்லாவற்றிலும் மோசம் பல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டு வருவது.

வெளியே காய்ந்தபடி அறுபது நிமிடம் கடந்தால் அந்தத் திசு அநேகமாக முழுதும் செத்திருக்கும். அப்போதும் பல்லைத் தூக்கி எறியாதீர்கள். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு, சில ஆண்டுகள் மட்டுமே நிற்கும் என்று தெரிந்தும், எலும்பைக் காப்பாற்றுவதற்காகப் பல்லைத் திரும்ப வைப்பதுண்டு.

டாக்டர் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்துச் சுமார் இரண்டு வாரம் கட்டுவார். வேர் முழுதாக வளர்ந்த பல் என்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் (ரூட் கெனால்) தொடங்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் வேர் உள்ளுக்குள் கரையத் தொடங்கும். மண்ணில் விழுந்த பல் என்றால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள்.

பல் விழாமல் ஆடுகிறது, இடம் மாறியிருக்கிறது என்றால் விரலால் மெதுவாகப் பழைய இடத்துக்குத் தள்ள முயலலாம். எளிதில் நகரவில்லையென்றால் விட்டுவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

துடிக்கும் வலி, வீக்கம் இல்லை

பச்சைத் தண்ணீர் பட்டால் கூசி, சில விநாடியில் அடங்குகிறதா? நரம்பு பிழைத்திருக்கிறது, அடைப்பு வைத்தால் தீரும், இந்த வாரத்துக்குள் போங்கள். கூச்சம் பல நிமிடம் நீடிக்கிறது, எதுவும் படாமலே வலிக்கிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால் நரம்பு இனி திரும்பாது. சூடு பட்டால் கூடி, குளிர்ந்த நீரை வாயில் அடக்கினால் குறைகிறது என்றால் இன்னும் முற்றிவிட்டது. அதன் பிறகு வலி திடீரென்று நின்றால் குணமாகிவிட்டதாக நினைக்காதீர்கள். நரம்பு செத்துவிட்டது, அடுத்து வருவது சீழ்.

அன்று ராத்திரியைக் கடத்த, பெரியவர்களுக்கு: பாராசிட்டமால் 650 மி.கி. ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பல் வலிக்கு இன்னும் நன்றாகக் கேட்பது ஐபுபுரூஃபன் 400 மி.கி., சாப்பிட்ட பிறகு, எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து எடுக்கலாம், தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாக வலி அடங்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கர்ப்பம் இவற்றில் எதுவும் இருந்தால் ஐபுபுரூஃபனைத் தொடாதீர்கள். மழைக்காலத்தில் காய்ச்சலும் கூடவே இருந்து டெங்கு சந்தேகம் என்றாலும் அப்படியே. பாராசிட்டமால் மட்டும்.

குழந்தைகளுக்கு எடை ஒரு கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால். இதில் அடிக்கடி நடக்கும் தவறு சிரப்பின் வீரியத்தைப் பார்க்காமல் ஊற்றுவது. ஒரே மருந்து 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் வருகிறது. 16 கிலோ பிள்ளைக்கு 240 மி.கி. வேண்டும், 250 பாட்டிலில் அது 5 மி.லி.க்குச் சற்றுக் குறைவு, 125 பாட்டிலில் கிட்டத்தட்ட 10 மி.லி.

இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். ஓட்டையில் உணவு அடைந்திருந்தால் வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்து, பல்நூலால் எடுத்துவிடுங்கள். கிராம்பு எண்ணெய் உண்மையிலேயே மரத்துப்போகச் செய்யும், ஆனால் ஒரு சொட்டைச் சின்னப் பஞ்சில் நனைத்து ஓட்டைக்குள் மட்டும் வைக்க வேண்டும். ஈறில் தடவினால் வெந்து புண்ணாகும், சின்னக் குழந்தைகளுக்கு நஞ்சு. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் பல்லோரம் அடக்குவது, கற்பூரம், புகையிலை, பெட்ரோல் நனைத்த பஞ்சு எல்லாம் கன்னத்தை வேகவைத்து, பல் வலியோடு இன்னொரு வலியையும் சேர்க்கும்.

மெடிக்கலில் போய் “பல் வலிக்கு ஒரு செட் கொடுங்க” என்று கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கவரில் பெயரில்லாமல் வரும் அந்த மாத்திரைகளில் ஆன்டிபயாடிக்கும், சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத நரம்பு வலிக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. ரத்த ஓட்டம் அற்றுப்போகும் அந்தப் பல்லுக்குள் மருந்து போய்ச் சேரவே வழியில்லை. ஸ்டீராய்டு இரண்டு நாள் வலியை மறைத்து, சர்க்கரையை ஏற்றிவிடும். வலியைத் தீர்ப்பது பல்லைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுவதுதான். காலையில் கிளினிக்குக்குப் போன் செய்யும்போது “வேர் சிகிச்சை முழுதாக இன்று முடியாவிட்டாலும், பல்லைத் திறந்து வலியை மட்டும் இன்றே நிறுத்திவிட முடியுமா?” என்று கேளுங்கள். முழுச் சிகிச்சைக்கு நேரமில்லை என்று சொல்பவர்கள்கூட இதற்கு இடம் கொடுப்பார்கள்.

மேல் கடைவாய்ப் பற்கள் நாலைந்து சேர்ந்து வலிக்கின்றன, குனிந்தால் கூடுகிறது, மூக்கு அடைத்திருக்கிறது என்றால் அது சைனஸாக இருக்கலாம். முகம் கழுவும்போது, பல் தேய்க்கும்போது மின்னல் வெட்டுவது போல் சில விநாடி வந்து போனால் முக நரம்பு வலி. இரண்டுக்கும் பல்லைப் பிடுங்கிப் பயனில்லை.

ஈறில் கொப்புளம், அல்லது கன்னம் வீங்கியிருக்கிறது

மேலே சொன்ன ஆபத்துக் குறிகள் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகு படியுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் அடக்கித் துப்புங்கள். வெளியே கன்னத்தில் சூட்டு ஒத்தடம் வேண்டாம். ஊசியால் குத்தி உடைக்க வேண்டாம். பேனாவால் வீக்கத்தின் ஓரத்தைத் தோலில் கோடு போட்டு வைத்து, மூன்று மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

24 மணி நேரத்துக்குள் டாக்டர் சீழை வெளியேற்ற வேண்டும்: பல் வழியாகவோ, ஈறைக் கீறியோ, பல்லை எடுத்தோ. “முதலில் மாத்திரையில் வீக்கம் வற்றட்டும், பிறகு வாங்க” என்று யாராவது சொன்னால், இன்றே சீழை வடிக்க முடியாதா என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக் துணைக்குத்தான். எழுதிக்கொடுத்ததில் மெட்ரோனிடசோல் இருந்தால் அது முடிந்து மூன்று நாள்வரை மது கூடாது.

பல் பிடுங்கிய பிறகு ரத்தம் நிற்கவில்லை

எச்சிலில் இளஞ்சிவப்பாகக் கலந்து வருவது ஒரு நாள்வரை சகஜம். ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிவிடும், பயப்படாதீர்கள். வாய் நிறைந்து வந்தால்தான் பிரச்சினை, அதற்குப் பெரும்பாலும் காரணம் அடிக்கடி துப்புவதும் கொப்பளிப்பதும் ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும். உறைந்த கட்டி ஒவ்வொரு முறையும் பெயர்ந்து வந்துவிடுகிறது.

உட்காருங்கள். காஸ் துணியைக் குழியின் மேல் மேடாக நிற்கும் அளவுக்குத் தடிமனாக மடித்து, ஈரப்படுத்திப் பிழிந்து, குழிமேல் வைத்து அழுத்திக் கடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முப்பது நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்கவே கூடாது. காஸ் இல்லையென்றால் பஞ்சு வேண்டாம், அதன் இழை குழியில் ஒட்டிக்கொள்ளும்; சுத்தமான பருத்தித் துணி நல்லது. நனைத்துப் பிழிந்த டீ பேக்கும் உதவும். அதிலுள்ள டானின் ரத்தம் உறையத் துணைசெய்யும். இப்படி இரண்டு முறை செய்தும் நிற்கவில்லையென்றால் பல் பிடுங்கியவரை அழையுங்கள், கிடைக்காவிட்டால் மருத்துவமனை கேஷுவாலிட்டி. தையல் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவற்றைச் சாப்பிடுபவர்கள் தாங்களாக அவற்றை நிறுத்தக் கூடாது. ரத்தக் கசிவை அழுத்தி நிறுத்திவிடலாம், இதயத்திலோ மூளையிலோ அடைத்த ரத்தக்கட்டியை அப்படிச் சரிசெய்ய முடியாது. பல் பிடுங்காமலே ஈறில் ரத்தம், கூடவே காய்ச்சல் என்றால் பல் டாக்டரிடம் வேலையில்லை. தட்டணுக்களைப் பரிசோதிக்கப் பொது மருத்துவமனைக்குப் போங்கள்.

பிடுங்கி இரண்டு மூன்று நாளில் வலி குறைவதற்குப் பதில் கூடி, காதுவரை இழுத்து, வாய் நாறினால் அது உலர்குழி. உறைகட்டி போய் எலும்பு வெளியே தெரிகிறது. புகைப்பவர்களுக்கு அதிகம் வரும். டாக்டர் குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்தால் பெரும்பாலும் அன்றே வலி குறையும்.

உடைந்த பல், கழன்ற கேப்

உடைந்த இடத்தின் நடுவில் சிவப்புப் புள்ளியோ ரத்தமோ தெரிந்தால் நரம்பு வெளியே வந்துவிட்டது. அன்றே போக வேண்டும், பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். வேர் இன்னும் வளராத பல்லில் நரம்பைக் காப்பாற்ற முடியும். உடைந்த துண்டைப் பாலிலோ நீரிலோ போட்டு எடுத்துப் போங்கள், ஒட்டிவிடலாம். துண்டு கிடைக்கவில்லை, விடாத இருமல் இருக்கிறது என்றால் நுரையீரலுக்குள் போயிருக்கலாம். எக்ஸ்ரே எடுக்க மருத்துவமனைக்குப் போங்கள்.

கேப் கழன்றால் கழுவிப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஓரிரு நாளில் போனால் போதும். ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள். ஈறு வெந்துவிடும், கேப்பும் பிறகு சரியாக உட்காராது.

தாடை

கொட்டாவி விட்டு வாய் மூட முடியவில்லை என்றால் தாடை மூட்டு விலகியிருக்கிறது. கேஷுவாலிட்டியில் சில நிமிட வேலை. நேரமாக ஆகத் தசை இறுகிக் கடினமாகும். வீட்டில் யாரும் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

வண்டியிலிருந்து விழுந்தவருக்குப் பற்கள் முன்போல் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, கீழுதடு மரத்திருக்கிறது என்றால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். விபத்துப் பதிவேட்டில் பல், தாடைக் காயத்தையும் எழுதச் சொல்லுங்கள். கை கால் காயத்தை மட்டும் எழுதிவிட்டால் பின்னால் இழப்பீடு கேட்கும்போது பல்லுக்கு ஆதாரம் இருக்காது.

எங்கே போவது, என்ன சொல்வது

பகலில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு; ஓ.பி. சீட்டு காலையில்தான், சீக்கிரம் போங்கள். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. புதுக்கோட்டையிலும் 2023 முதல் ஒன்று இயங்குகிறது. தனியார் பல் கல்லூரிகளில் கட்டணம் பொதுவாகக் கிளினிக்கைவிடக் குறைவு, ஆனால் நேரம் பிடிக்கும். ராத்திரியில் பல் கிளினிக் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். வீக்கத்துக்கும் ரத்தத்துக்கும் அடிபட்டதற்கும் கேஷுவாலிட்டி. அங்கே முக அறுவை மருத்துவரை அழைக்க முடியுமா என்று கேளுங்கள். எங்கே போவதென்றே தெரியவில்லை என்றால் 104ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

போனில் இந்த வரிசையில் சொல்லுங்கள்: வயது, எந்தப் பக்கம் எந்தப் பல், எப்போதிருந்து, வீக்கம் எங்கே, வாய் எத்தனை விரல் திறக்கிறது, காய்ச்சல் எவ்வளவு, இதுவரை சாப்பிட்ட மாத்திரையும் நேரமும், ஒவ்வாத மருந்து, சர்க்கரை, ரத்தம் உறையாமை மாத்திரை, இதய வால்வு சிகிச்சை, கர்ப்பம் என்றால் எத்தனையாவது மாதம். கர்ப்பிணிகள் பிரசவம்வரை வலியைப் பொறுக்க வேண்டியதில்லை, அவசரச் சிகிச்சையை எந்த மாதத்திலும் செய்யலாம். ஊசி போட்டுப் பல்லைத் திறக்கவோ பிடுங்கவோ போகிறீர்கள் என்றால் வெறும் வயிற்றில் போகாதீர்கள். சர்க்கரை மாத்திரையையும் சாப்பாட்டையும் வழக்கம்போல் முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

திறந்துவிட்டார்கள், வலி போய்விட்டது, மறுபடி போக வேண்டுமா?

ஆம். உள்ளே வைத்திருப்பது தற்காலிக அடைப்பு, சில வாரத்தில் தேய்ந்து ஓரம் கசியத் தொடங்கும். கிருமி மறுபடி இறங்கினால் இந்த முறை எச்சரிக்கும் நரம்பு இருக்காது, நேரடியாக வீக்கத்தில்தான் தெரியும். அடுத்த தேதியைக் கிளினிக்கிலிருந்து கிளம்புவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். செலவு இடிக்கிறது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, பல்லை எடுத்துவிடுவதா, அரசு மருத்துவமனையில் தொடர்வதா என்று கேளுங்கள். அங்கே காட்ட எக்ஸ்ரே படத்தையும் இதுவரை செய்ததை எழுதிய சீட்டையும் கையோடு வாங்கி வாருங்கள்.